பழைய சொல்லின் கணக்கு

2021ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2ஆம் திகதி. லண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் ஒலி ரொபின்சன் என்ற வேகப்பந்து வீச்சாளர் இங்கிலாந்து அணிக்காகத் தனது முதலாவது டெஸ்ட் போட்டியில் ஆடினார். எதிரணி நியூசிலாந்து. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னர் இங்கிலாந்து வீரர்கள் பாகுபாட்டுக்கு எதிரான வாசகங்கள் பொறித்த மேலாடைகளை அணிந்து வரிசையாக நின்றார்கள். ரொபின்சனும் அந்த வரிசையில் நின்றார். அன்றைய ஆட்டம் முடிவதற்கிடையில் அவர் எட்டு, ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர் டுவிட்டரில் எழுதியிருந்தவை உலகமெங்கும் பரவிவிட்டன. பெண்களை இழிவுபடுத்தும் வரிகள், ஆசியர்களைக் கேலி செய்யும் வரிகள், முஸ்லிம்களையும் பயங்கரவாதத்தையும் சேர்த்துப் பின்னிய 'பகிடிகள்'. அவற்றை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு.

அன்று மாலையே அவர் கமராக்களின் முன் நின்று மன்னிப்புக் கேட்டார். அந்தப் போட்டியில் ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தினார். துடுப்பெடுத்தாடி 42 ஓட்டங்களும் பெற்றார். போட்டி முடிந்ததும் கிரிக்கெட் சபை அவரை இடைநிறுத்தியது. பின்னர் நடந்த ஒழுக்காற்று விசாரணையில் எட்டுப் போட்டிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. அதில் ஐந்து போட்டிகளுக்கான தடை இரண்டு ஆண்டுகளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. 3,200 பவுண் அபராதமும் உண்டு.

இங்கே எங்கள் ஊரில் பயணக் கட்டுப்பாடு நடைமுறையில் இருந்த நாட்கள் அவை. பாடசாலைகள் மூடிக்கிடந்தன. நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்த வாட்ஸ்அப் குழுதான் எங்கள் ஆசிரியர் ஓய்வறை. செய்தி அங்கும் வந்து விழுந்தது. ஒருவர் "பதினெட்டு வயசில எழுதினதுதானே" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். அவரை நாங்கள் விடவில்லை. பதினெட்டு வயதில் வாக்குரிமை இருக்கிறது, புத்தி இருக்காதா என்று கேட்டோம். "இந்தத் தண்டனையும் போதாது" என்று எழுதியவன் நான்.

ஐந்து மாதங்கள் கழிந்தன. நவம்பர் 16ஆம் திகதி, பாகிஸ்தானில் பிறந்து சிறுவயதில் இங்கிலாந்து சென்று யோர்க்ஷயர் கழகத்துக்கு ஆடிய அஸீம் ரஃபீக், பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியமளித்தார். தான் அனுபவித்த இனவாதத்தை அவர் கண்ணீருடன் விபரித்ததை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தோம். இந்த யோர்க்ஷயர் கழகத்தில்தான் ரொபின்சனும் தன் இளம் வயதில் இருந்தார் என்பதைச் சொல்லிச் சொல்லி வியந்தோம். இரண்டே நாட்களில் மற்றொரு செய்தி வந்தது. 2011இல், தன் பத்தொன்பதாவது வயதில், ரஃபீக் முகநூலில் இன்னொரு வீரருடன் நடத்திய உரையாடலில் யூதர்களை இழிவாகப் பேசியிருந்தார். சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கத் தயங்கிய யாரோ ஒருவரைப் பற்றிய பேச்சு அது.

இப்போது பாடசாலைகள் திறந்திருந்தன. உண்மையான ஓய்வறையில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டே நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "பத்தொன்பது வயசுப் பொடியன். தெரியாத்தனமா எழுதியிருப்பான்." "இதைத் தோண்டியெடுத்தவன் யாரெண்டு பார்க்கோணும். சாட்சி சொன்ன ரெண்டாம் நாள் வருதெண்டா சும்மாவா?"

அதைச் சொன்னவர்களிலும் நான் ஒருவன்.

*

ஒரு மாணவனின் விடைத்தாளை ஒரு புள்ளித்திட்டத்தாலும் மற்றவனின் விடைத்தாளை இன்னொரு புள்ளித்திட்டத்தாலும் திருத்தும் ஆசிரியனை நாம் என்னவென்போம்? பதினெட்டு வயதுக்கும் பத்தொன்பது வயதுக்குமிடையில் என் நீதி தலைகீழாகப் புரண்டதற்கு வயது காரணமல்ல. ஒருவன் எங்களைப் பற்றி எழுதினான். மற்றவன் எங்களில் ஒருவன். இவ்வளவுதான் காரணம். சொந்த உறவுக்கு எதிராகவேனும் நீதியில் நிலைத்து நிற்க வேண்டும் என்பதைச் சிறுவயதில் குர்ஆன் மத்ரஸாவில் ஓதிய நாவுதான் என்னுடையது.

எங்களைவிட ரஃபீக் மேலானவராக இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வரிகளை எழுதியவன் தானே என்றும், அதற்கு நியாயம் எதுவும் இல்லையென்றும், வெட்கப்படுவதாகவும் கூறி அவர் மன்னிப்புக் கேட்டார். யூத இனப்படுகொலையில் உயிர்தப்பிய முதியவர் ஒருவரைச் சந்தித்து அமர்ந்து பேசினார். 2022 ஒக்டோபரில் ஒழுக்காற்று ஆணைக்குழு அந்தப் பழைய பதிவுகளுக்காக அவரையும் கண்டித்தது. அதேவேளை, அவருடைய பழைய தவறு அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பொய்யாக்கிவிடவில்லை. 2023 ஜூலையில் யோர்க்ஷயர் கழகத்துக்கு 4 இலட்சம் பவுண் அபராதம் விதிக்கப்பட்டது. அதில் 3 இலட்சம் ஒத்திவைக்கப்பட்டது. சாட்சி குற்றவாளியாகவும் இருக்கலாம். அதனால் சாட்சியம் பொய்யாகிவிடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் நினைவில் வைத்திருப்பதுதான் கடினமாக இருக்கிறது.

இந்த இரு நிகழ்வுகளுக்குப் பிறகு இந்த விடயத்தை நான் அடிக்கடி யோசித்து வருகிறேன். ஒரு மனிதன் தன் இளமையில் எழுதிப் போட்ட வரிகள், அவன் பொதுவாழ்வில் அடியெடுத்து வைக்கும் நாளில் முன்னால் வந்து நிற்கின்றன. இது நியாயமா?

*

'இணையம் மறப்பதில்லை' என்பது இன்று எல்லோரும் சொல்லும் வாசகம். இதைச் சொல்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள் என்பதே என் எண்ணம். பிரித்துப் பார்த்தால் குறைந்தது மூன்று வகைகள் தெரிகின்றன.

முதலாவது, எவரையும் காயப்படுத்தாத பழைய செய்தி. ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த மரியோ கொஸ்தேஹா கொன்ஸாலெஸ் என்பவரின் வழக்கு இதற்குத் தக்க உதாரணம். கடனுக்காக அவருடைய சொத்து ஏலம் விடப்படுவது பற்றிய அறிவித்தல் 1998இல் ஒரு பத்திரிகையில் வெளிவந்தது. கடன் தீர்ந்து ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் அவருடைய பெயரைக் கூகிளில் தேடியவர்களுக்கு முதலில் கிடைத்தது அந்த அறிவித்தலே. அவர் வழக்காடினார். 2014 மே 13ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. காலாவதியான, பொருத்தமற்ற தகவல்களைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கக் கோரும் உரிமை அவ்வாறு பிறந்தது. 'மறக்கப்படும் உரிமை' என்று அதைச் சொல்கிறார்கள். நம் நாட்டின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் தரவுகளை அழிக்கக் கோரும் உரிமை இடம்பெற்றுள்ளது. பட்ட கடனும், முறிந்த திருமணமும், பரீட்சையில் தவறியதும் ஒருவனின் கழுத்தில் ஆயுள் முழுவதும் தொங்க வேண்டியதில்லை. பிறர் குறையை மூடி மறைப்பதும், துருவித் துருவி ஆராயாதிருப்பதும் நமக்குப் போதிக்கப்பட்ட ஒழுக்கங்கள். இந்த வகையில் மறதியே நீதி.

இரண்டாவது, குற்றமே அல்லாத எழுத்து குற்றமாக வாசிக்கப்படுவது. இதை விளக்க நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. இணையத்துக்குள்கூட நுழைய வேண்டியதில்லை. 2017இல் வெளிவந்த 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதிக்காக இளம் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் கைதுசெய்யப்பட்டார். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவருக்குத் திருப்பிக் கிடைக்காத காலம் எவ்வளவு என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பழைய எழுத்தைத் தோண்டுகிறவனின் கையில் எப்போதும் நீதி இருப்பதில்லை என்பதற்கு நம் கண்முன் நின்ற சாட்சி அது. இந்த வகையில் எழுதியவன் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. வாசித்தவர்களே கேட்க வேண்டும்.

மூன்றாவதுதான் சிக்கலானது. உண்மையாகவே பிறரைக் காயப்படுத்திய எழுத்து. இங்கே வயதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். 2013இல் இங்கிலாந்தின் கென்ட் பிரதேசத்தில், பொலிஸாருக்கும் இளைஞர்களுக்கும் பாலமாகச் செயற்படுவதற்கென ஒரு பதவி உருவாக்கப்பட்டு, அதற்குப் பதினேழு வயதுப் பெண்ணொருவர் நியமிக்கப்பட்டார். பதினான்குக்கும் பதினாறுக்கும் இடைப்பட்ட வயதில் அவர் டுவிட்டரில் எழுதியவற்றை ஒரு பத்திரிகை வெளியிட்டது. சில நாட்களுக்குள் அவர் அழுதுகொண்டே பதவியைத் துறந்தார். இளைஞர்களின் மனதைப் புரிந்துகொள்வதற்காக நியமிக்கப்பட்டவர், இளைஞராக இருந்த குற்றத்துக்காகப் போக நேர்ந்தது. பருவமடையாத சிறுவரைத் தொட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்று நாம் கற்றிருக்கிறோம். பதினான்கு வயது அந்த எல்லையைத் தாண்டியிருக்கலாம். ஆயினும் எல்லையைத் தாண்டிய மறுநாளே ஒருவர் முழு மனிதராகிவிடுவதில்லை என்பது பத்தாந்தர வகுப்பில் பாடம் நடத்தும் எவருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் நான் நின்றுவிட்டிருப்பேன். வயதைப் பார், காலத்தைப் பார், அதன் பின் அவன் எப்படி வாழ்ந்தான் என்று பார், எல்லோருக்கும் ஒரே அளவுகோலை வை என்று எழுதிக் கட்டுரையை முடித்திருப்பேன். என்னை முடிக்கவிடாமல் செய்தது எங்கள் ஊரில் நடந்த ஒரு சம்பவம்.

*

2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றது. என்னிடம் கற்ற மாணவன் ஒருவன் பிரதேச சபைக்குப் போட்டியிட்டான். இருபத்தெட்டு வயது. நல்ல பிள்ளை என்று ஊரில் பெயர். வெள்ளம் வந்தால் முதலில் தோணியை இழுத்துக்கொண்டு போகிறவன். ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் எல்லோருடைய கைத்தொலைபேசிக்கும் ஒரு ஸ்கிரீன் ஷொட் வந்தது. 2014இல், அவனுடைய பதினேழாவது வயதில், முகநூலில் எழுதிய மூன்று வரிகள். பக்கத்துத் தமிழ்க் கிராமத்துடன் ஆடிய மென்பந்துக் கிரிக்கெட் இறுதியாட்டத்தில் எங்கள் ஊர் தோற்ற இரவு எழுதியது. குளத்தில் மீன் பிடித்து விற்று வாழும் அந்த ஊர் மக்களின் தொழிலையும், அவர்கள் வீட்டுப் பெண்களையும் பற்றிய வரிகள். அவற்றை இங்கு எடுத்தெழுத என் கை வரவில்லை.

இஷாவுக்குப் பிறகு அவன் என் வீட்டுக்கு வந்தான். "சேர், அதை நான் எப்பவோ அழிச்சிட்டன். வேலைக்கு விண்ணப்பம் போடக்குள்ளயே அழிச்சன். எவனோ அப்பவே எடுத்து வச்சிருக்கான்" என்றான். எடுத்து வைத்திருந்தவன் மீதுதான் அவனுக்குக் கோபம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எதிர்த்தரப்பின் சூழ்ச்சி என்று சொல்லித் தேற்றினேன்.

அவன் போன பின்னர் அந்தப் படத்தை விரித்துப் பார்த்தேன். பதிவின் அடியில் விருப்பம் தெரிவித்தவர்களின் பெயர்களையும் சேர்த்து யாரோ படம் பிடித்திருந்தார்கள். வரிசையில் நான்காவதாக என் பெயர் இருந்தது.

அந்த இரவை எனக்கு ஞாபகமே இல்லை. வாசித்துத்தான் அழுத்தினேனா, பிள்ளைகளின் பதிவுகளுக்கெல்லாம் வழமையாக அழுத்துவதுபோல் அழுத்தினேனா தெரியாது. எனக்கு அப்போது முப்பதைத் தாண்டிய வயது. ஆசிரிய கலாசாலையில் இரண்டு வருடங்கள் பிள்ளை உளவியல் கற்று வெளியேறியவன். அவனுக்குப் பதினேழு வயது என்ற காரணத்தைச் சொல்லலாம். எனக்கு என்ன காரணத்தைச் சொல்வது? எழுதியவனின் பெயரை எல்லோரும் பார்த்தார்கள். கைதட்டியவர்களின் பெயர்களை யாரும் பார்க்கவில்லை. பதினேழு வயதுப் பையன் தனியாக ஒரு சொல்லை எழுதிவிடுவதில்லை. அதைக் கேட்டுச் சிரிக்க ஒரு ஊர் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறான்.

இரண்டு நாள் கழித்து நாங்கள் இருவரும் அந்தக் கிராமத்துக்குப் போனோம். மீனவர் சங்கத்தின் தலைவராக இருந்த முதியவரின் வீட்டுத் திண்ணையில் இருத்தினார்கள். தேநீர் தந்தார்கள். அவன் தலைகுனிந்து, தான் எழுதியது பிழை என்றும் மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னான். அவர் கோபப்படவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு இப்படிச் சொன்னார்:

"அதை நாங்க அண்டைக்கே வாசிச்சம் தம்பி. என்ட பேத்திதான் வாசிச்சுக் காட்டினவ. பதினொரு வருசமா ஒருத்தரும் இஞ்சால வரல்ல. இப்ப வோட்டுக் கேக்கிற நேரம் வந்திருக்கீங்க. தேர்தல் முடிஞ்ச பிறகு வாங்க, கதைப்பம். மாஸ்டர், நீங்களும் வாங்க."

திரும்பி வரும் வழியில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நானும் விருப்பம் அழுத்தியவன்தான் என்பதை நான் அங்கே சொல்லவில்லை.

*

அந்த முதியவரின் பதிலில் எனக்கு ஒரு விடயம் துலங்கியது. 'இணையம் மறப்பதில்லை' என்பது எழுதியவனின் பக்கத்திலிருந்து சொல்லப்படும் முறைப்பாடு. அவன் மறந்துவிட்டான், அழித்தும்விட்டான், ஒரு இயந்திரம் மாத்திரம் பிடிவாதமாக வைத்திருக்கிறது என்று நினைக்கிறான். காயப்பட்டவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. அந்தத் திண்ணையில் இருந்தவர்களுக்கு ஸ்கிரீன் ஷொட் தேவைப்படவில்லை. அவர்கள் அதை அன்றே வாசித்தார்கள், அன்றிலிருந்து சுமந்தார்கள். அவனுக்குத்தான் பழைய பதிவு. அவர்களுக்கு அது பழையதாகவே இல்லை.

நாம் சிறுவயதில் கற்ற கணக்கும் இதுதான். இரு தோள்களிலும் இருந்து எழுதும் மலக்குமார்களின் ஏட்டில் தவ்பாவினால் அழிந்துபோகும் பாவங்கள் உண்டு. ஆனால் ஹக்குல் இபாத் எனும் அடியார்களின் உரிமை அப்படியல்ல. பறித்த பொருளானாலும் பறித்த மானமானாலும் உரியவரிடம் போய்த் தீர்க்க வேண்டும். பதிவை அழிப்பது, திருடிய பொருளை ஒளித்து வைப்பதைப் போன்றது. பொருள் கண்ணுக்குத் தெரியாது. கடன் இருக்கும்.

எனவே பழைய எழுத்து ஒருவரின் பொதுவாழ்வைப் பாதிப்பது நியாயமா என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: அது பிறரைக் காயப்படுத்திய எழுத்தாயின், அவன் அதை எழுதினான் என்பதற்காக மட்டும் அவன் வழி அடைபடக் கூடாது. பதினேழு வயது நாவுக்கு ஆயுள் தண்டனை இல்லை. தோண்டப்படும்வரை அவன் என்ன செய்தான் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டிய நாள், பிறர் தோண்டியெடுக்கும் நாளுக்கு முன்னரே வந்து போய்விடுகிறது. பிடிபட்ட பின் கேட்கப்படும் மன்னிப்பு பொய் என்று நான் சொல்லமாட்டேன். ரஃபீக்கின் மன்னிப்பும் பிடிபட்ட பின் கேட்கப்பட்டதே, ரொபின்சனுடையதும் அப்படித்தான். ஆனால் அது உண்மை என்று காட்டக் காலம் வேண்டும், செயல் வேண்டும், அதைக் கேட்பவரின் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையைக் கடனாகத் தருவதா இல்லையா என்பதைக் காயப்பட்டவரே தீர்மானிப்பார். ஒலி ரொபின்சனை மன்னிக்க எனக்குச் சிறிதளவு உரிமை இருந்தது, நான் மறுத்தேன். அஸீம் ரஃபீக்கை மன்னிக்க எனக்கு உரிமையே இருக்கவில்லை, தாராளமாக மன்னித்தேன். யூதர்களுக்குரிய மன்னிப்பை ஓய்வறையில் தேநீர் குடித்துக்கொண்டு வழங்க நான் யார்?

பாடசாலைகளில் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கிறோம். கடவுச்சொல்லை எப்படிப் பாதுகாப்பது என்று சொல்லிக் கொடுக்கிறோம். "எதையும் போடாதீங்க, பிறகு உங்களுக்கே வினையாகும்" என்று எச்சரிக்கிறோம். இந்த எச்சரிக்கையிலும் ஒரு குறை இருக்கிறது. உனக்கு வினையாகும் என்று சொல்லப்பட்ட பிள்ளை, அகப்படாமல் எழுதப் பழகிக்கொள்ளும். வேறு பெயரில் எழுதும், எழுதி அழிக்கும். அடுத்த ஊரில் ஒரு பேத்தி இதைத் தன் அப்பப்பாவுக்கு வாசித்துக் காட்டுவாள் என்று சொல்லிக் கொடுத்தால்தான் அந்தப் பிள்ளையின் கை ஒரு கணம் நிற்கும்.

*

தேர்தலில் அவன் தோற்றான். அந்த மூன்று வரிகளால்தான் தோற்றான் என்று சொல்ல முடியாது. கட்சிக் கணக்குகள் வேறு இருந்தன. தோற்ற மறுவாரம் நான் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. அவனே வந்து, "சேர், அங்க போவமா?" என்று கேட்டான்.

போனோம். இந்தமுறை வோட்டுக் கேட்க ஒன்றுமில்லை. முதியவர் திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். அவன் பேசுவதற்கு முன் நான் பேசினேன். அந்தப் பதிவுக்கு விருப்பம் அழுத்தியவர்களில் நானும் ஒருவன் என்றேன். அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும் மாஸ்டர். பேத்தி அதையும் வாசிச்சவ" என்றார்.

பிறகு உள்ளே திரும்பி, இரண்டு தேநீர் கொண்டுவரச் சொன்னார்.